மேகம் வெட்டுகிற எர்மிந்தா

எங்கள் பந்தூரியாவில் எர்மிந்தா ரெத்தமாலைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசிவிட முடியாது. பேசினால் ஊரே சண்டைக்கு வரும். அதுதான் அவளுக்கு நேர்ந்த கொடுமை. நாலு பேர் வாசலில் நின்று திட்டினால் மனசு ஆறும் என்று ஏங்கிக் கிடக்கிறவளை, ஊர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது.

ஆள் குள்ளம். தோள் அகலம். வாயோ மோச்சோ மலை உயரம். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "ஆட்டுக்கும் தம்பிக்கும் பின்னாடி ஓடினதே போதும், மூணாவதா ஒண்ண எவ மேய்க்கிறது?" என்பாள். தம்பி பெலார்மினோ பிறந்த வருஷம்தான் பெரிய பனி விழுந்தது. அம்மா பிரசவத்துக்காகக் கீழே டவுன் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வீட்டில் அப்பாவும் சின்னப் பெண் எர்மிந்தாவும் மட்டும். மேலே பள்ளத்தாக்கில் சில ஆடுகள் தங்கிவிட்டன என்று அப்பா நாயைக் கூப்பிட்டுக்கொண்டு கிளம்பினார். மத்தியானம் மேற்கே, சிலி எல்லைப் பக்கம், வானம் கறுத்தது. பனி உருகின பிறகுதான் அவரைக் கண்டுபிடித்தார்கள். நாய் அவர் மடியிலேயே விறைத்துக் கிடந்தது.

ஊர் ஒரே பேச்சாகச் சொன்னது: அம்மா மட்டும் வீட்டில் இருந்திருந்தால் அந்த மேகத்தை வெட்டியிருப்பாள்.

வெட்டுவது என்றால் இதுதான். மேகம் வரும்போது வெட்டவெளித் தரையில் உப்பால் ஒரு சிலுவை போடணும். நடுவில் கத்தியைப் பிடிவரை இறக்கணும், வெட்டுவாய் மேகத்தைப் பார்த்த மாதிரி. சில சொற்களை மூன்று தரம் சொல்லணும். அந்தச் சொற்களைக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மட்டுமே ஒருத்தர் இன்னொருத்தர் காதில் போடலாம். மேகம் நடுவில் பிளந்து, பாதி வடக்கேயும் பாதி தெற்கேயும் போய்விடும். வெட்டினது வெட்டினதுதான். அப்புறம் கத்தியைப் பிடுங்கி எறிந்தாலும் அது திரும்பி வராது. இது பலிக்குமா என்று என்னிடம் கேட்காதீர்கள். ஆடு வைத்திருக்கிற எவனும் எங்கள் ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கே அம்மா எர்மிந்தாவின் காதில் சொல்லிவிட்டாள். மகளுக்கு ராசியான கை. பிறகு எத்தனை மேகங்கள்! "எர்மிந்தா, ஓடி வா, மேற்கே பாரு" என்று யார் கூப்பிட்டாலும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, ஒரு கையில் உப்பும் ஒரு கையில் கத்தியுமாக ஓடுவாள். அப்பாவுக்காக வெட்ட முடியாமல் போனதை அடுத்தவன் ஆட்டுக்கெல்லாம் வெட்டித் தீர்த்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

இப்படிப்பட்டவள்தான் பனிச்சறுக்கு லிஃப்டில் வேலைக்குச் சேர்ந்தாள். சிரிக்காதீர்கள். தலைநகரத்து முதலாளி ஒருத்தர் வந்து மோச்சோ மலையில் கம்பம் நட்டு, கம்பி இழுத்து, நாற்காலிகளைத் தொங்கவிட்டார். கோடையில் எங்கள் ஆடு மேய்கிற சரிவில் குளிர்காலத்தில் ஊர்பேர் தெரியாதவர்கள் கட்டையைக் காலில் கட்டிக்கொண்டு சறுக்கினார்கள். எர்மிந்தாவுக்கு அடிவாரத்தில் வேலை. நாற்காலி பின்னால் வந்து முட்டும்போது ஆளை இடுப்பில் பிடித்து உட்கார வைக்கணும். வக்கீலோ டாக்டரோ, அவளுக்கு எல்லாம் ஆட்டுக்குட்டிதான். "குண்டியக் காட்டு! இன்னும் கொஞ்சம்! உக்காரு!" என்று கத்துவாள். அவளிடம் திட்டு வாங்கவே வருஷா வருஷம் வந்தவர்கள் உண்டு.

பிறகு முதலாளி ஒரு வசந்தத்தில் போனார், வரவே இல்லை. இரண்டு குளிர்காலம் நாற்காலிகள் காற்றில் ஆடிக்கொண்டு கிடந்தன. அரசாங்கம் மலையை ஏலம் விடப் போகிறது என்று பேச்சு வந்தது. வெளியூர் கம்பெனி ஒன்று அடிவாரத்திலிருந்து உச்சிவரை வேலி போடும் திட்டத்தோடு காத்திருந்தது. வேலி விழுந்தால் கோடை மேய்ச்சல் போச்சு. மேய்ச்சல் போனால் ஆடு போச்சு, ஆடு போனால் ஊர் போச்சு. அதனால் ஊரே ஒரு கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்து மனு போட்டது. அரசாங்கமும் இறங்கி வந்தது, ஒரே ஒரு நிபந்தனையோடு: ஒரு குளிர்காலம் தவணை. எங்கள் பக்கத்தில் ஜூனில் தொடங்குகிற குளிர்காலம் ஆகஸ்டோடு சரி; ஆகஸ்ட் முடிவதற்குள் லிஃப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடினால் மலை ஊருக்கு. ஓடாவிட்டால் கம்பெனிக்கு.

பள்ளிக்கூடத்து ஹாலில் கூட்டம். சங்கத் தலைவர் தெல்ஃபோர் ஊருத்தியா, பழைய பள்ளிப் பேருந்து டிரைவர், கம்பியை மாற்ற ஆளுக்குக் கொஞ்சம் ஆடு விற்கணும் என்று சொன்னதும் ஆளாளுக்குப் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள். எர்மிந்தா எழுந்தாள். "என் பட்டிய முழுசா எழுதிக்கோ" என்றாள். "மலை நம்ம கைக்கு வரட்டும். என் காலத்துல ஒரு தரம் அடுத்தவன் நாற்காலில ஆள ஏத்தாம நம்ம நாற்காலில ஏத்திப் பாக்கறேன்."

பின் வரிசையிலிருந்து தம்பி பெலார்மினோ கேட்டான். "அக்கா, அப்பாவத் தின்ன பனியவா நீ விருந்துக்குக் கூப்பிடற?"

"தின்னுச்சுல்ல? இப்ப நமக்குச் சோறு போடட்டும்டா!"

ஹால் அதிர்ந்தது. கைதட்டல் முடிவதற்குள் பெலார்மினோ தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். அவன் ஒரு ஆட்டையும் விற்கவில்லை. அக்கா முகத்திலும் அதற்குப் பிறகு முழிக்கவில்லை. ரொட்டிக் கடையில் அவள் நின்றால் அவன் வாசலோடு திரும்பினான். அவளுக்கும் வீம்பு. ரெத்தமால் குடும்பத்தில் ஆட்டைவிட வீம்பு அதிகம்.

கூட்டம் கலைகிற நேரம் தெல்ஃபோர் சிரித்துக்கொண்டே கேட்டார். "எல்லாம் சரி எர்மிந்தா, உன் கத்திய என்ன பண்றது? பழக்க தோஷத்துல எங்க பனிய வெட்டித் தொலைச்சிடப் போற!"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நேராக வீட்டுக்குப் போய்க் கத்தியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். "இனி ஒரு மேகத்தையும் தொடமாட்டேன். மாதா சாட்சி" என்றாள். டிக்கெட் அறையில் பனிமாதா படத்துக்குக் கீழே ஆணி அடித்து அந்தக் கத்தியைத் தொங்கவிட்டார்கள்.

ஜூன் வந்தது. குளிர் வந்தது. பனி மட்டும் வரவில்லை.

என்ன ஆட்டம் ஆடினோம் அந்த ஜூனில்! வாடகைக் கட்டைகளுக்கு மெழுகு தேய்த்தோம். பக்கத்து வீட்டு சுலேமா தன் மூன்று அறைக்கும் புதுத் திரை தைத்தாள். ஞாயிறு தோறும் மோட்டாரைப் போட்டு, காலி நாற்காலிகளைக் கல்லுக்கும் முள்ளுக்கும் மேலே ஓடவிட்டுப் பார்த்தோம். ஜூலை வந்தது. விடுமுறைக்கு வருவதாகச் சொன்னவர்கள் ஒவ்வொருத்தராகப் போன் போட்டு, "அங்க பனி இருக்கா?" என்றார்கள். தெல்ஃபோர் முதலில் "வந்துட்டே இருக்கு" என்றார். பிறகு போனை எடுப்பதையே விட்டுவிட்டார்.

எர்மிந்தா தினமும் விடிகிறபோதே மேற்கைப் பார்த்து நின்றாள். வாழ்நாளெல்லாம் எது வந்துவிடக் கூடாதென்று பார்த்தாளோ அது வராதா என்று பார்த்தாள். வானம் கழுவின தட்டு மாதிரி இருந்தது. ஒருநாள் சுலேமா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "இத்தன வருஷம் நீ வெட்டி வெட்டியே பனிக்கு வழி மறந்துபோச்சுடி" என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனால் அடுத்த வாரம் அதையே ரொட்டிக் கடையில் வேறு ஒருத்தி சிரிக்காமல் சொன்னாள்.

அந்தச் சொல் எர்மிந்தாவை அறுத்தது. யாரும் இல்லாத நேரம் பார்த்து மொட்டைச் சரிவில் ஏறிப் போய், வானத்தைப் பார்த்துக் கெஞ்சினாள். "நான் வெட்டினதெல்லாம் தப்புதான். எங்கப்பன் செத்த ஆத்திரம். அத மனசுல வச்சுக்காத. ஒரே ஒரு தரம் வா. என்னப் பெத்த தாயே, ஒரு தரம் வந்துட்டுப் போ." அவளுக்குப் பட்டி இல்லை, கூலி இல்லை, தம்பி இல்லை. இந்த மலையும் போய்விட்டால் எந்த முகத்தோடு தெருவில் நடப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. ராத்திரி ராத்திரி தூக்கம் இல்லாமல் சுண்டிப் போனாள்.

ஆகஸ்ட் பாதியில் ரேடியோ சொன்னது: மேற்கிலிருந்து பெரிய புயல், மலை முழுக்கப் பனி. எங்கள் ஊரில் பெரிய ஆண்களே அழுதார்கள். பொய் சொல்லவில்லை, என் கண்ணால் பார்த்தேன். தெல்ஃபோர் ஒலிபெருக்கியை லிஃப்ட் கம்பத்தில் கட்டி குவேக்கா பாட்டைப் போட்டுவிட்டார். சதுக்கத்தில் ஆட்டம்.

புயல் வரப்போகிற நாள் காலையில் எர்மிந்தா மாவு பிசைந்து தோர்த்தா பொரித்தாள். இன்றைக்கும் தம்பியோடு பேசாவிட்டால் தான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. சூட்டோடு துணியில் கட்டிக்கொண்டு ஊர்க்கோடியில் இருந்த அவன் வீட்டுக்குப் போனாள். கதவு சாத்தியிருந்தது. குதிரையைக் காணோம். நாய் மட்டும் முளையில் கட்டிக் கிடந்தது, அவளைப் பார்த்ததும் குதித்துக் குதித்துக் குரைத்தது.

சதுக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்த சுலேமாதான் சொன்னாள். "பெலார்மினோவா? வெளுக்கும்போதே குதிரைல போனான். பின்னாடி கோவேறு கழுதை, மேல என்னமோ மூட்டை. மோச்சோ பக்கம்தான்."

"மேலயா? எதுக்கு?"

"கேட்டேன். மொறச்சான். உன் தம்பி வாயத் திறந்துட்டாலும்! ஆடு எதாச்சும் தங்கியிருக்கும்."

சுலேமா போய்விட்டாள். எர்மிந்தா பட்டிப் பக்கம் ஓடினாள். பட்டியில் ஆடுகள் நெருக்கியடித்து நின்றன. இருந்தால் என்ன, ஒன்று குறைந்தாலும் அவன் போவான். அப்பன் புத்தி. மேற்கே பார்த்தாள். மேகம் மலைத் தலைக்கு மேல் வந்துவிட்டது. அப்படிக் கறுத்த மேகத்தை அவள் ஒரே ஒரு தரம்தான் பார்த்திருக்கிறாள், சின்னப் பெண்ணாக, வீட்டு வாசலில் நின்றுகொண்டு, சொற்கள் தெரியாமல்.

இப்போது தெரியும்.

"மாட்டேன், மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே முற்றத்தில் இங்கும் அங்கும் நடந்தாள். சதுக்கத்தில் பாட்டு சத்தம். கோயில் மணி அடித்தார்கள். முதல் பனித்துகள் அவள் கைமேல் விழுந்தது. ஊரே உயிரைக் கையில் பிடித்துக் காத்திருந்த பனி. "இந்தப் பாவிப் பய எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா!" என்று அலறினாள். நாய் குரைத்துக்கொண்டே இருந்தது. இந்த நாய்க்குக்கூடத் தெரிகிறதே என்று நினைத்தாள்.

ஆட்டுக்கு நக்கக் கொடுக்கிற உப்பு மூட்டை கொட்டகையில் இருந்தது. ஆடு அறுக்கிற கத்தி உத்தரத்தில் செருகியிருந்தது. தோர்த்தா மூட்டை எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. மண்டியிட்டாள், சிலுவை போட்டாள், கத்தியை இரண்டு கையாலும் இறக்கினாள். சொற்களை மூன்று தரம் சொன்னாள். மூன்றாவது தரம் சொல்லும்போது ஊரை நினைத்து நாக்கு குழறியது. ஆனாலும் சொல்லி முடித்தாள்.

காற்று நின்றது. பிறகு திசை மாறியது. மோச்சோவின் உச்சியில் மேகம் நடுவாக விலகி, ஒரு துண்டு நீல வானம் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் சதுக்கத்தில் பாட்டை யாரோ நிறுத்திவிட்டார்கள். அந்த அமைதியை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் பெலார்மினோ குதிரையில் இறங்கி வந்தான். தொப்பிகூட நனையவில்லை. அக்கா முற்றத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான், அப்புறம் கத்தியைப் பார்த்தான். இறங்கி அவள் எதிரில் குந்தினான். ஒரு வருஷத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள்.

"என்னக்கா பண்ணிட்ட?"

"ஆடு தேடப் போனியேடா... அப்பா மாதிரி..."

"ஆடா?" அவன் நாயைக் காட்டினான். "ஆடு தேடப் போறவன் நாய விட்டுட்டுப் போவானாக்கா?"

எர்மிந்தா நாயைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து ஆட்டோடு வாழ்ந்தவள். எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரிகிற விஷயம். அவள் கண்முன்னால்தான் அந்த நாய் காலையிலிருந்து குரைத்துக் கிடந்தது.

"லிஃப்டோட உச்சி ஸ்டேஷனுக்குப் போனேன்" என்றான் அவன், தரையைப் பார்த்து. "அங்க பனி பிடிக்கிற பலகைத் தட்டியெல்லாம் காத்துல சாஞ்சு கெடந்துச்சு. தட்டி இல்லன்னா விழற பனியக் காத்து அள்ளிட்டுப் போயிடும், லிஃப்ட் ஓடாது. தெல்ஃபோர் கும்பலுக்கு அது எங்க நெனப்பு இருக்கு, ஆடத்தான் நேரம். புயலுக்கு முன்னாடி நிமிர்த்திடலாம்னு போனேன். அடுப்பு இருக்கு, விறகு இருக்கு, கறி கொண்டுபோனேன். புயல் முடியற வரைக்கும் மாத்தே டீ குடிச்சுட்டு அங்கயே கெடந்திருப்பேன்."

"சொல்லிட்டுப் போறதுக்கென்னடா?"

"ஊரு முன்னாடி உன்ன அவ்வளவு பேசிட்டு... எப்படிச் சொல்றது?"

எர்மிந்தா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். சத்தம் கேட்டோ, இல்லை மேகம் பிளந்ததுமே எல்லோருக்கும் தோன்றின சந்தேகத்தாலோ, ஊர் அந்த வாசலுக்கு வந்துவிட்டது. தெல்ஃபோர் முன்னால். உப்புச் சிலுவையைப் பார்த்தார். கத்தியைப் பார்த்தார். "யாரு?" என்றார்.

அவள் எழுந்திருப்பதற்குள் பெலார்மினோ சொல்லிவிட்டான். "நான்தான்."

"பொய்!" என்று கத்தினாள் எர்மிந்தா. "நான்தான் வெட்டினேன்! இவன் மேல இருந்தான்! எங்கையால வெட்டினேன்!"

யாரும் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் வீடு, அவன் உப்பு, அவன் கத்தி. ஆரம்பத்திலிருந்தே பனி வேண்டாம் என்றவன். அம்மா எர்மிந்தாவுக்குச் சொன்னதை இவனுக்கும் சொல்லாமலா இருந்திருப்பாள்? கிளம்பும்போதே வெட்டி வைத்துவிட்டு, அடி விழும் என்று மேலே போய் ஒளிந்திருக்கிறான். அவ்வளவுதான் கணக்கு. "உன் கத்தி டிக்கெட் ரூம்லயே தொங்குது எர்மிந்தா, நான் இப்பதான் பாத்தேன்" என்று சுலேமா அவள் தோளைத் தடவினாள். "தம்பி பாசம், என்ன பண்றது" என்றாள் இன்னொருத்தி. ஒருத்தன் பெலார்மினோவின் காலடியில் துப்பினான். அவன் துடைக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு அக்கா அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "ஏண்டா சொன்ன?"

"என்ன ஏற்கெனவே ஒருத்தனுக்கும் பிடிக்காது. புதுசா என்ன போகப் போகுது?" என்றான். "அப்பா போன அன்னிக்கு நீ வாசல்ல நின்ன கதைய அம்மா சொல்லியிருக்கா. எனக்காக ஒருத்தி ஊரையே வெட்டியிருக்கா. அவளக் காட்டிக் குடுக்கச் சொல்றியா?"

ஒரு வாரத்தில் அவன் ஆட்டையெல்லாம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, டவுன் சிமென்ட் ஆலைக்குப் போய்விட்டான். நாயை அக்காவிடம் விட்டுப் போனான். ஆகஸ்ட் முடிந்தது. அதுவரை இன்னொரு மேகமும் வரவில்லை.

மலையை ஒப்படைப்பதற்கு முந்தின ஞாயிறு, கடைசிக் கூட்டம். எர்மிந்தா அதற்குள் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தாள். பாதிரியாரிடம் சொன்னாள். கேட்டவர்கள் எல்லோரும் அவளுக்கு நாற்காலி போட்டு மாத்தே கொடுத்தார்கள். கூட்டத்திலும் முதல் ஆளாக எழுந்து, "உச்சிக்குப் போய்ப் பாருங்க, தட்டியெல்லாம் அவன் நிமிர்த்தி வச்சது! மலைக்காகப் போனவனத்தான் தொரத்தினீங்க! மலையக் கெடுத்தது நான்! என்னத் துப்புங்க!" என்று கத்தினாள்.

ஹாலில் பல பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தெல்ஃபோர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். டிக்கெட் அறை ஆணியிலிருந்து எடுத்த அவள் கத்தி, சுத்தமான துணியில் சுற்றி, அவர் கையில் இருந்தது.

"மலை போயிடுச்சு. ஆனா இந்த ஊர்ல வாக்கக் காப்பாத்தினது நீ ஒருத்திதான்" என்றார். "பட்டிய வித்த, தம்பிய இழந்த, அவனுக்காகப் பழியையும் சுமக்கப் பாக்கற. இது உன்கிட்டயே இருக்கட்டும்மா. இனி வெட்டலாம்."

அவள் கையை நீட்டவில்லை. அவரே அவள் விரல்களைப் பிரித்துக் கத்தியை வைத்து மூடினார். ஊர் எழுந்து நின்று கைதட்டியது. நானும் தட்டினேன். மறுநாள் கம்பெனி ஆட்கள் கம்பி வேலியை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள்.